மலைத்தோட்டப் பாதையில் சரிந்த மண்ணைத் தள்ள பழைய டிராக்டர்: என்னென்ன பார்த்து வாங்க வேண்டும்?

சேர்வராயன் மலையில் காப்பிப் பழம் பறிக்கும் பருவமும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாகத்தான் வருகின்றன. பறித்த பழம் அன்றைக்கே பல்பருக்குப் போயாக வேண்டும். மூட்டையிலேயே ஓர் இரவு கிடந்தால் புளித்து, கொட்டையின் தரம் இறங்கிவிடும். அந்த நேரம் பார்த்துத் தோட்டப் பாதையில் மேட்டுப்பக்க மண் சரிந்து விழுந்தால், தலைச்சுமையாக இறக்குவதைத் தவிர வழியில்லை. 2024 டிசம்பர் முதல் வாரத்தில் ஃபெஞ்சல் புயல் மழையால் சேலம் - ஏற்காடு மலைச்சாலையிலேயே மண் சரிந்து போக்குவரத்து நின்றது. பெரிய சாலையை நெடுஞ்சாலைத் துறை சரிசெய்துவிடும். உங்கள் தோட்டத்துக்குள் போகும் பாதையை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதற்காகவே பழைய டிராக்டர் ஒன்றை வாங்கிப் போடலாம் என்று நாகலூர், வெள்ளக்கடை, மஞ்சக்குட்டை பக்கத்து விவசாயிகள் பலர் நினைப்பதுண்டு. நல்ல யோசனைதான். அமெரிக்காவில் வீட்டுப் பாதையில் விழும் உறைபனியைத் தள்ள, 1947 முதல் 1952 வரை தயாரான ஃபோர்டு 8என் டிராக்டரை இன்றும் வைத்திருப்பவர்கள் உண்டு. பின்னால் ஒரு பிளேடு, டயருக்குச் சங்கிலி, கொஞ்சம் கூடுதல் எடை, அவ்வளவுதான். பனியைத் தள்ளுவதானாலும் ஈர மண்ணைத் தள்ளுவதானாலும் டிராக்டருக்கு வேண்டியவை எடை, பிடிப்பு, பிரேக், ஹைட்ராலிக் ஆகிய நான்கும்தான். சமவெளியில் உழவுக்கு வாங்குகிறவர் முதலில் கேட்பது எச்.பி. எவ்வளவு என்று. மலையில் அந்தக் கேள்வியைக் கடைசியாகக் கேளுங்கள்.

முதலில் ஒரு கணக்கு

வருடத்துக்கு ஒரு முறை, ஒரே இடத்தில்தான் மண் விழுகிறது என்றால் டிராக்டர் வாங்கத் தேவையில்லை. மணிக்கணக்கில் ஜே.சி.பி. வாடகைக்கு எடுப்பது மலிவு. வேளாண்மைப் பொறியியல் துறையிலும் டிராக்டர், புல்டோசர் போன்றவை வாடகைக்குக் கிடைக்கின்றன. உழவன் செயலியிலோ துறை அலுவலகத்திலோ விசாரியுங்கள். ஆனால் மழை நின்ற மறுநாள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஜே.சி.பி. தேவைப்படும். உங்கள் முறை வர நாலு நாள் ஆகலாம். பாதை நீளமாக இருந்து, உரம் ஏற்றவும் பழம் இறக்கவும் தண்ணீர் டேங்கர் இழுக்கவும் வண்டி வேண்டும் என்றால் சொந்த டிராக்டர் கட்டுப்படியாகும். ஒரே பாதையைப் பயன்படுத்தும் மூன்று நான்கு தோட்டக்காரர்கள் சேர்ந்து வாங்கினால் இன்னும் நல்லது. ஆனால் வண்டி யார் பெயரில், டீசல் யார் செலவில் என்பதை முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எச்.பி. எவ்வளவு போதும்?

டர்போ இல்லாத டீசல் இன்ஜின் உயரம் ஏற ஏறச் சக்தி குறையும். 300 மீட்டருக்குச் சுமார் 3 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதாவது கீழே சேலத்தில் 35 எச்.பி. கொடுக்கும் வண்டி மேலே 30 எச்.பி. அளவுக்குத்தான் இழுக்கும். அதே காரணத்தால் மேலே புகையும் கொஞ்சம் கருப்பாக வரும். கீழே ஓட்டிப் பார்த்தபோதே கரும்புகை தள்ளிய வண்டி மேலே வந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பத்தடி அகலத் தோட்டப் பாதைக்கு 30 முதல் 40 எச்.பி. வரை உள்ள வண்டி போதும். மஹிந்திரா 265, மாஸே பெர்குசன் 1035, ஸ்வராஜ் 735 ஆகிய மூன்றும் இந்த வகையில் வருகின்றன. இவற்றுக்குச் சேலத்தில் பாகமும் கிடைக்கும், கை வைக்கத் தெரிந்த மெக்கானிக்கும் கிடைப்பார். மழைக்காலத்தில் வண்டி நின்றால் மறுநாளே பாகம் வர வேண்டும் என்பதால் இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். எச்.எம்.டி. வண்டிகள் உறுதியானவை, விலையும் குறைவு. ஆனால் அந்த நிறுவனத்தின் டிராக்டர் பிரிவை மூட 2016-ல் மத்திய அரசு முடிவெடுத்துவிட்டது. பாகத்துக்கு வழி தெரிந்தவர் மட்டும் வாங்கலாம். பாதை மிகவும் குறுகல் என்றால் வி.எஸ்.டி. சக்தி எம்டி 180டி போன்ற 18.5 எச்.பி. சின்ன வண்டியில் நான்கு சக்கர இழுவை உள்ளதைத் தேடுங்கள். சேற்றில் நன்றாக ஏறும். எடை குறைவு என்பதால் பிளேடு ஒரு தடவைக்குக் கொஞ்சம்தான் தள்ளும், பொறுமை வேண்டும்.

55 எச்.பி. பழைய வண்டி மலிவாக வருகிறது என்று யாராவது சொன்னால் ஆசைப்படாதீர்கள். அதன் அகலமும் எடையும் பாதையின் பள்ளத்துப் பக்க ஓரத்துக்கு ஆகாது.

பிரேக்கை முதலில் பாருங்கள்

பழைய வண்டிகளில் டிரை பிரேக், ஆயில் பிரேக் என்று இரண்டு வகை உண்டு. மலைக்கு ஆயில் பிரேக்தான் நல்லது. டிரை பிரேக்கில் சேறும் தண்ணீரும் உள்ளே போனாலும், பின் அச்சு ஆயில் சீல் கசிந்து லைனிங்கில் ஆயில் பட்டாலும் பிடிக்காது. வாங்கப் போகும் வண்டியின் பின் சக்கர உட்புறத்தைக் கையால் தடவிப் பாருங்கள். பிசுபிசுப்பு இருந்தால் சீல் போய்விட்டது என்று அர்த்தம்.

இடது, வலது பிரேக் பெடல்களை ஒன்றாகச் சேர்க்கும் கொண்டி இருக்கிறதா என்றும் பாருங்கள். வயலில் திரும்ப வசதியாக இருக்கும் என்று பலர் அதைக் கழற்றிப் போட்டிருப்பார்கள். இறக்கத்தில் ஒரு பெடல் மட்டும் மிதிபட்டால் வண்டி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும். கொண்டி போட்டுச் சமதளத்தில் வேகமாக மிதித்துப் பாருங்கள். இரண்டு சக்கரமும் ஒன்றாக நிற்க வேண்டும். கைப்பிரேக் போட்டு ஏற்றத்தில் நிறுத்திப் பார்க்கவும் மறக்காதீர்கள்.

ஹைட்ராலிக் சோதனை

பிளேடு வேலையில் நிமிடத்துக்கு இரண்டு தடவை ஏற்றி இறக்க வேண்டியிருக்கும். கிளட்ச் மிதித்ததும் லிஃப்டும் நின்றுவிடும் வண்டி இந்த வேலையில் உயிரை வாங்கும். சோதிப்பது எளிது. இன்ஜின் ஓடட்டும், கிளட்சைப் பாதி மிதித்து லிஃப்ட் லீவரைத் தூக்குங்கள். லிஃப்ட் ஏறினால் சரி. இரட்டை கிளட்ச் வண்டியில் பாதி மிதிக்கும்போது சக்கரம் நின்றாலும் லிஃப்ட் ஏறும், முழுதாக மிதித்தால்தான் நிற்கும். ஒற்றை கிளட்ச் வண்டிகள் சிலவற்றில் இந்த வசதி கிடையாது.

அடுத்து, கலப்பையையோ வேறு கனமான கருவியையோ மாட்டித் தூக்கி, இன்ஜினை அணைத்துவிடுங்கள். டீ குடித்து வருவதற்குள் கலப்பை தரையைத் தொட்டிருந்தால் உள்ளே சீல் தேய்ந்திருக்கிறது. விலையில் அதைக் கழித்துப் பேசுங்கள்.

முன்னும் பின்னும் மாறி மாறிப் போகும் வேலை இது. ரிவர்ஸ் கியர் விழும்போது கரகரக்கிறதா, இழுக்கும்போது நழுவுகிறதா என்று பாருங்கள். டிஃபரன்ஷியல் லாக் வேலை செய்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஒரு சக்கரம் சேற்றில் சுற்றும்போது அதுதான் காப்பாற்றும். ஆனால் நேராகப் போகும்போது மட்டுமே அதைப் போட வேண்டும், திருப்பத்தில் எடுத்துவிட வேண்டும்.

இன்ஜின்

நீங்கள் வரும் முன்பே வண்டியை ஓட்டிச் சூடாக்கி வைத்திருப்பார்கள். போனதும் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ‘நாளைக் காலையில் வருகிறேன்’ என்று சொல்லிவிட்டுத் திரும்புங்கள். குளிர்ந்த இன்ஜின் இரண்டாவது செல்ஃபில் பிடிக்க வேண்டும். தொடர்ந்து நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது. சூடேறிய பிறகும் வெள்ளைப்புகை வந்தால் தண்ணீர் உள்ளே போகிறதா என்று மெக்கானிக் பார்க்க வேண்டும். ஆயில் பால் நிறத்தில் இருந்தால் பேச்சே வேண்டாம்.

மீட்டரில் காட்டும் மணி நேரத்தை நம்பாதீர்கள். கிளட்ச் பெடல் ரப்பரும் சீட்டும் ஸ்டீயரிங் ஆட்டமும் உண்மையைச் சொல்லும். முன்பு என்ன வேலை பார்த்த வண்டி என்று விசாரியுங்கள். செங்கல் சூளைக்கோ, ஆத்தூர் பக்கம் சேகோ ஆலைக்கு மரவள்ளிக்கிழங்கு ஏற்றியோ ஓடிய வண்டியில் கிளட்ச்சும் கிரவுன் பினியனும் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். சேற்றுழவு ஓடிய வண்டியில் சக்கர பேரிங்குகளுக்குள் தண்ணீர் போயிருக்கும். தன் தோட்டத்துக்கு மட்டும் ஓட்டியவரிடம் கிடைத்தால் கூடக் கொடுத்து வாங்கலாம்.

டயரும் எடையும் பிளேடும்

பின் டயர் ஒரு ஜோடி மாற்றப் பல பத்தாயிரம் ரூபாய் ஆகும். ‘டயர் கொஞ்சம் தேய்ந்திருக்கு, மத்ததெல்லாம் சூப்பர்’ என்பார்கள். மண் தள்ளும் வேலைக்குத் தேய்ந்த டயர் உதவாது, ஆகவே அதன் விலையையும் சேர்த்துத்தான் வண்டி விலை. பின் டயரில் முக்கால் அளவு தண்ணீர் நிரப்பினால் எடையும் பிடிப்பும் கூடும், செலவும் இல்லை. பின்னால் பிளேடு தொங்கும்போது ஏற்றத்தில் முன் சக்கரம் லேசாகி ஸ்டீயரிங் கேட்காது. அதனால் முன்னால் எடைக்கட்டி இருக்கிற வண்டியாகப் பாருங்கள்.

முன்பக்க டோசர் பிளேடு பார்க்க நன்றாக இருக்கும். பழைய இரு சக்கர இழுவை வண்டியின் முன் அச்சு அந்தப் பாரத்துக்குச் செய்யப்பட்டதல்ல. பின் பிளேடே போதும். அதுவும் முன்னால் ஓட்டி இழுத்து வழிக்கத்தான். பின்னால் வேகமாக வந்து முட்டினால் லிஃப்ட் கைகள் வளையும்.

டிராக்டரை இறக்கக் கூடாத இடங்கள்

மழை பெய்துகொண்டிருக்கும்போதும், மேலே விரிசல் தெரியும்போதும் போகாதீர்கள். முதல் சரிவு நின்ற பிறகு இரண்டாவது சரிவு வரும். ஆள் உயரத்துக்கு மேல் குவிந்த மண்ணும் பெரிய பாறையும் ஜே.சி.பி. வேலை. விழுந்த மரத்தை இழுக்கும்போது சங்கிலியை டிராபாரில் மட்டும் மாட்டுங்கள். டாப் லிங்கிலோ அச்சிலோ மாட்டினால் முன்பக்கம் தூக்கி, ஒரு நொடிக்குள் வண்டி பின்னால் கவிழ்ந்துவிடும், குதிக்க நேரம் இருக்காது. சரிவில் குறுக்காக ஓட்ட வேண்டாம். இறக்கத்தில் கிளட்ச் மிதிக்காமல், ஏறும்போது போட்ட அதே சின்ன கியரில் இறங்குங்கள். சரிந்த மண்ணை வழிப்பது ஒன்று, மேட்டைப் புதிதாக வெட்டுவது வேறு. வெட்டுவதானால் வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

காகிதம்

ஆர்.சி. புத்தகத்திலுள்ள இன்ஜின், சேசிஸ் எண்களை வண்டியிலுள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். பதிவாகி 15 ஆண்டு கடந்திருந்தால் பதிவு புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். டிரெய்லருடன் வாங்கினால் அதற்குத் தனிப் பதிவு கேளுங்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவரின் கையெழுத்து அன்றைக்கே வேண்டும். இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றக் கேளுங்கள். புத்தகத்தில் வங்கிக் கடன் பதிவு இருந்தால், கடன் முடிந்ததற்கான வங்கிக் கடிதமும் படிவம் 35-ம் கைக்கு வரும்வரை முன்பணத்துக்கு மேல் கொடுக்காதீர்கள்.