கண்ணுக்குள் ஒரு வில்லை

உம்மாவின் கண்ணில் வெள்ளை படர்ந்து ஒப்பரேஷன் செய்யும்போது, உள்ளே வைக்கிற வில்லையை வெளியில் வாங்கி வரச் சொன்னார்கள். கடன்பட்டுத்தான் வாங்கினேன். சிறிய பெட்டியைத் தடவிப் பார்த்த உம்மா, "இது எந்த ஊருச் சாமான், மகன்?" என்று கேட்டா. அதற்கு விடை தேடப் போய்க் கிடைத்ததே இந்த வரலாறு.

முதல் வில்லை லண்டனில் பிறந்தது. இரண்டாம் உலகப் போரில், உடைந்த விமானக் கூரையின் பேர்ஸ்பெக்ஸ் துணுக்குகள் விமானிகளின் கண்ணுக்குள் பாய்ந்தும் பெரிய அழற்சி உண்டாகாததை டாக்டர் ஹரல்ட் ரிட்லி கவனித்தார். அதே பொருளில் ரெய்னர் கம்பனி செய்துகொடுத்த வில்லையை 1949 நவம்பரில் சென். தோமஸ் வைத்தியசாலையில் பொருத்தினார். பெரிய வைத்தியர்கள் பலர் அவரை நெடுங்காலம் எதிர்த்தார்கள்.

அமெரிக்கா சட்டத்தின் வழியே நடந்தது. மருத்துவச் சாதனங்களுக்கான சட்டம் 1976இல் வந்தது. நீண்ட பரிசோதனைக்குப் பின் 1981இல் வில்லைக்கு அங்கீகாரம் கிடைத்தது. பாதுகாப்பு உறுதியானது, விலையோ நூறு டொலர் மட்டத்தில் நின்றது. ஏழை நாடுகளில் புரையை எடுத்துவிட்டு, தடித்த கண்ணாடியைக் கொடுத்து அனுப்பினார்கள். கண்ணாடி உடைந்தால் திரும்பவும் கிட்டத்தட்ட இருட்டுத்தான்.

1976இல் 11 கட்டில்களோடு டாக்டர் வெங்கடசாமி மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் வைத்தியசாலை, 1992இல் ஆரோலேப் என்ற சொந்தத் தொழிற்சாலையைத் திறந்தது. வில்லை பத்து டொலருக்கு வந்தது; பிறகு இன்னும் இறங்கியது. ஐரோப்பியத் தரச் சான்றிதழும் கிடைத்தது. அவுஸ்திரேலியக் கண் வைத்தியர் ஃபிரெட் ஹொலோஸின் முயற்சியால், நீண்ட போரிலிருந்து மீண்ட எரித்திரியாவின் அஸ்மாராவிலும், நேபாளத்தின் காத்மண்டுவிலும் 1990களின் நடுப்பகுதியில் இப்படியான தொழிற்சாலைகள் எழுந்தன.

எல்லா இடத்திலும் அடிப்படைப் பொருள் அந்தப் பிளாஸ்டிக்தான். செய்பவர் யாரை மனதில் வைத்துச் செய்தார் என்பதே விலையைத் தீர்மானித்தது.

உம்மாவின் பெட்டியில் இந்தியா என்று போட்டிருந்தது. சொன்னேன். "பக்கத்து ஊருதானே, பிறகேன் இவ்வளவு காசு?" என்றா. டாக்டர் ஹட்சன் சில்வா தொடங்கிய கண்தானச் சங்கத்தின் மூலம் எத்தனையோ நாடுகளுக்குக் கண் கொடுத்த நாடு இது. உம்மாவின் கேள்விக்கு என்னிடம் இன்னும் பதிலில்லை.