சிலுவை ரொட்டி

1592ல் லண்டன் சந்தை அதிகாரி ஓர் ஆணை பிறப்பித்தார்: மசாலா சேர்த்த ரொட்டியைப் பெரிய வெள்ளி, கிறிஸ்துமஸ், சவ அடக்கம் தவிர மற்ற நாட்களில் விற்கக் கூடாது. தடை விற்பனைக்குத்தான், வீட்டு அடுப்புக்கு இல்லை. பட்டை இலங்கையிலிருந்தும் சாதிக்காய் பாண்டாத் தீவுகளிலிருந்தும் கப்பலேறிய காலம் அது.

ராக்லண்ட் பாதிரியார் 1854ல் வட திருநெல்வேலிக் கிராமங்களில் கூடாரமடித்துப் பிரசங்கிக்கத் தொடங்கினார். 1858ல் சிவகாசியில் இறந்தார். சிலுவை இங்கே வேரூன்றிவிட்டது. ரொட்டி வேரூன்றவில்லை, கரிசல் வீடுகளில் அதைச் சுடும் அடுப்பு ஏது? பெரிய வெள்ளி ஆராதனை முடிந்தால் கஞ்சிதான்.

இன்று விருதுநகரில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், சட்டியில் மணல் பரப்பிச் சூடேற்றி, ஏலமும் உலர்திராட்சையும் சேர்த்து, மேலே சிலுவைக் கோடிட்டு அதைச் சுடுகிறார்கள். இதை இரவல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. எங்கே பிறந்தது என்பதைவிட எந்த அடுப்பில் வெந்தது என்பதே எனக்கு முக்கியம். புதுக்கவிதையைப் பற்றியும் இதையேதான் கேட்பேன்.