எண்ணப்படுவோர் யார்? – இங்கிலாந்தில் ஜிப்சி, டிராவலர் மக்களின் தங்குமிடத் தேவை மதிப்பீடு: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

ஓர் அரசு தன் மக்களைக் கணக்கெடுக்கும் முன்பே, யாரைக் கணக்கில் கொள்வது என்பதை முடிவு செய்துவிடுகிறது. நிலையான முகவரி உடையோரைப் பொறுத்தவரை இம்முடிவு கண்ணுக்குப் புலனாவதில்லை. இடம்பெயர்ந்து வாழ்வோரைக் கணக்கெடுக்கும்போதே அது வெளிப்படுகிறது. இங்கிலாந்தின் ஜிப்சி, டிராவலர் மக்களுக்கு வேண்டிய தங்குமிடங்களை உள்ளாட்சி மன்றங்கள் மதிப்பிட்டு வந்த வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். அம்மதிப்பீட்டில் எண்ணிக்கையைக் காட்டிலும் வரையறையே பெரும்பங்கு வகித்தது என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

மக்களும் பெயரும்

'ஜிப்சி' என்பது 'எகிப்தியர்' என்பதன் திரிபு. அம்மக்கள் எகிப்திலிருந்து வந்தவர்கள் என்னும் தவறான கருத்தில் பிறந்த பெயர் அது. அவர்தம் ரோமானி மொழி இந்திய-ஆரிய மொழிக் குடும்பத்தைச் சார்ந்தது என மொழியியலார் நிறுவியுள்ளனர். நீரைக் குறிக்கும் 'பானி' என்னும் சொல் அவர்தம் வழக்கில் நிலைபெற்றிருப்பது ஈண்டு நினைக்கத்தக்கது. ஐரிஷ் டிராவலர்கள் அயர்லாந்தைத் தாயகமாகக் கொண்ட பிறிதோர் இனத்தார்.

1530ஆம் ஆண்டுச் சட்டம் 'எகிப்தியரை' நாட்டைவிட்டு வெளியேறப் பணித்தது. 1554ஆம் ஆண்டுச் சட்டம் வெளியேறாதோர்க்கு மரண தண்டனை விதித்தது. ரோமானி ஜிப்சியரை 1988இலும் ஐரிஷ் டிராவலரை 2000இலும் நீதிமன்றங்கள் தனித்த இனக்குழுக்களாக ஏற்றன. தண்டிப்பதற்காக இனமாகக் கருதப்பட்டோர், பாதுகாப்பிற்காக அவ்வாறு கருதப்பட நான்கு நூற்றாண்டுகளுக்கு மேலாயின.

கணக்கெடுப்பும் கடமையும்

1960ஆம் ஆண்டுச் சட்டம், கேரவன் எனப்படும் வண்டிவீடுகளை நிறுத்தும் இடங்களுக்கு உரிமம் வேண்டும் என விதித்தது. இதனால் உழவர் நிலங்களில் காலங்காலமாகத் தங்கிவந்தோர் இடமிழந்தனர். தங்குமிடம் அமைக்கும் அதிகாரத்தையும் அச்சட்டம் மன்றங்களுக்கு அளித்தது. எனினும் அதிகாரம் கடமை ஆகாமையால் அதனைப் பயன்படுத்திய மன்றங்கள் மிகச் சிலவே.

1965 மார்ச்சில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடந்த கணக்கெடுப்பு ஏறத்தாழ 15,500 பேரைப் பதிவு செய்தது. இதன் தொடர்ச்சியாக லிபரல் கட்சி உறுப்பினர் எரிக் லப்பக் கொணர்ந்த தனிநபர் மசோதா 1968இல் சட்டமாயிற்று. தம் எல்லைக்குள் வாழும் அல்லது வந்து தங்கும் ஜிப்சியருக்கு இடம் வழங்குதல், கௌண்டி மன்றங்களுக்கும் லண்டன் பெருநகர்ப் பகுதி மன்றங்களுக்கும் 1970 முதல் கடமையாயிற்று. போதிய இடம் அமைத்த பகுதிகளில், பிற இடங்களில் தங்குவோரைத் தண்டிக்கும் அதிகாரமும் அதனுடன் இணைந்திருந்தது.

இச்சட்டம் ஜிப்சியரை இனத்தால் வரையறுக்காமல் 'நாடோடி வாழ்க்கைப் பழக்கம்' கொண்டோர் என வாழ்முறையால் வரையறுத்தது. பின்னாளைய சிக்கல்களின் வித்து இவ்வரையறையிலேயே அமைந்திருந்தது எனலாம்.

1979 முதல் ஆண்டுக்கு இருமுறை வண்டிவீடுகளை எண்ணும் வழக்கம் தொடங்கியது. அது வண்டிகளை எண்ணியதே தவிர மனிதரை எண்ணவில்லை. இடப்பற்றாக்குறையால் கட்டட வீடுகளுக்குள் புகுந்தோர் அக்கணக்கில் மறைந்துபோயினர். 1980இல் இடம் அமைக்கும் மூலதனச் செலவு முழுமைக்கும் நடுவணரசு மானியம் வழங்கியும், பல மன்றங்கள் தம் கடமையை நிறைவேற்றவில்லை. 1994ஆம் ஆண்டுச் சட்டம் அக்கடமையையே நீக்கியது.

மதிப்பீட்டின் முறை

2004ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின் 225ஆம் பிரிவு, இம்மக்களின் தங்குமிடத் தேவையை மதிப்பிடும் கடமையை மன்றங்களுக்கு விதித்தது. மதிப்பிடும் கடமை பிறந்தது. வழங்கும் கடமையோ மீளவில்லை. 2007இல் வெளிவந்த வழிகாட்டுதல் இம்மதிப்பீட்டின் முறையை வகுத்தது. இருக்கும் மனைகள், காலியாகவிருக்கும் மனைகள், அனுமதியற்ற இடங்களில் தங்கியிருப்போர், ஒரே மனையில் நெருக்கடியாக வாழ்வோர், பெற்றோர் மனையிலேயே தங்கிவிட்ட மணமான பிள்ளைகள், கட்டட வீட்டிலிருந்து வெளியேற விரும்புவோர், வருங்காலத்தில் உருவாகும் புதுக் குடும்பங்கள் ஆகியவை கணக்கில் கொள்ளப்பட்டன. தேவையிலிருந்து இருப்பைக் கழித்தால் எஞ்சுவது பற்றாக்குறை. கணக்கு எளிதெனினும் அதன் ஒவ்வோர் உறுப்பும் நேர்காணலைச் சார்ந்திருந்தது. நூற்றாண்டுகளாக அதிகாரிகளால் விரட்டப்பட்டவர்கள், வினாப்பட்டியலுடன் வருவோரை ஐயத்துடன் நோக்கியது இயல்பே.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 'ஜிப்சி அல்லது ஐரிஷ் டிராவலர்' என்னும் தனிப்பிரிவு முதன்முதலாக இடம்பெற்றது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 58,000 பேர் அதில் பதிவாயினர். அவர்களுள் வண்டிவீடு முதலியவற்றில் வாழ்ந்தோர் நான்கில் ஒரு பங்கினரே. வண்டிகளை மட்டும் எண்ணிய முறையின் குறையை இது தெளிவுறுத்துகிறது.

வரையறை மாற்றமும் விளைவும்

2006ஆம் ஆண்டு வரையறைகள் முதுமை, உடல்நலம், பிள்ளைகளின் கல்வி ஆகிய காரணங்களால் நிரந்தரமாகப் பயணத்தை நிறுத்தியோரையும் உள்ளடக்கின. 2015 ஆகஸ்டில் திருத்தப்பட்ட திட்டமிடல் கொள்கை 'நிரந்தரமாக' நிறுத்தியோரை விலக்கியது. அதன்பின் எழுந்த மதிப்பீடுகள் குடும்பங்களை வரையறைக்குள் அடங்குவோர், அடங்காதோர், அறியப்படாதோர் என மூவகையாகப் பிரித்தன. தேவை குறையவில்லை, தேவை உடையோர் எனக் கருதப்பட்டோர் குறைந்தனர். 2016இல் 225ஆம் பிரிவும் நீக்கப்பட்டு, வண்டிவீடுகளிலும் படகுவீடுகளிலும் வாழ்வோர்க்குரிய பொதுக் கடமையாக மாற்றப்பட்டது.

கடும் உடற்குறைபாடுடைய மகன்களைப் பேணுவதற்காகப் பயணத்தை நிறுத்திய ரோமானிப் பெண் ஒருவரின் வழக்கில், 2022 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்விலக்கு முதியோர்க்கும் மாற்றுத்திறனாளிகட்கும் எதிரான பாகுபாடு எனத் தீர்ப்பளித்தது. 2023 டிசம்பரில் பழைய வரையறை மீட்கப்பட்டது. 2024 டிசம்பரில் நாடோடிப் பண்பாட்டு மரபோ வண்டிவீட்டில் வாழும் மரபோ உடைய அனைவரையும் தழுவுமாறு அது விரிவாக்கப்பட்டது.

முடிவுரை

ஒரே குடும்பம், ஒரே மனையில் இருந்தவாறே, 2014இல் தேவையுடையதாகவும் 2016இல் தேவையற்றதாகவும் 2024இல் மீண்டும் தேவையுடையதாகவும் பதிவாக இயன்றது. மாறியது அதன் வாழ்க்கையன்று, சட்டச் சொல்லே. வேல்ஸ் நாட்டின் 2014ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டமோ, மதிப்பீட்டில் வெளிப்படும் தேவையை நிறைவு செய்வதையும் மன்றங்களின் கடமையாக்கியது. எண்ணுதல் நலத்திற்கு வழியாக வேண்டுமெனில், எண்ணப்படுவோர் யார் என்பதை நேர்மையாக வரையறுப்பதும், எண்ணியபின் வழங்கக் கடமைப்படுவதும் இன்றியமையாதன என்பது இவ்வரலாற்றால் பெறப்படும்.