பல் உறையும் விரிசலும்

கடைவாய்ப் பல்லின் முகடுகள் உணவை அரைக்கும்போது ஒன்றைவிட்டு ஒன்று விலக முற்படுவதால், அதில் விழுந்த விரிசல் ஒவ்வொரு கடியிலும் சற்றே திறந்து மூடும். மாட்டுவண்டிச் சக்கரத்தின் மரத்துண்டுகளை இரும்புப் பட்டை இறுக்கிப் பிடிப்பதுபோல் அம்முகடுகளைச் சுற்றிவளைத்துப் பிடிப்பதே, பேச்சுவழக்கில் ‘கேப்’ எனப்படும் பல் உறையின் வேலை. இவ்விரிசல் தரும் வலிக்கு ‘விரிசல் பல் நோய்த்தொகுதி’ என்ற பெயரை அமெரிக்க மருத்துவர் கேமரன் சூட்டியது 1964இல்தான். உறையோ அதனினும் மிக மூத்தது. மூட்டோன் என்ற பாரிஸ் பல் மருத்துவர் பொன்தொப்பிகளைப் பற்றி 1746இலேயே எழுதிவிட்டார்.

பொன் எளிதில் உடையாது. அதன் நிறமே குறை. டெட்ராய்ட் நகரின் சார்லஸ் ஹென்றி லேண்ட் (விமானி லிண்ட்பெர்கின் தாய்வழிப் பாட்டனார்) 1880களின் பிற்பகுதியில், மெல்லிய பிளாட்டினத் தகட்டைப் பல்லின் வடிவத்துக்கு இழைத்து, அதன்மேல் பீங்கான் குழைவை அப்பி உலையில் சுட்டு, பின் தகட்டை உரித்தெடுத்து முழுப் பீங்கான் உறையை உருவாக்கினார். பிளாட்டினம் உருக ஏறத்தாழ 1,768 பாகை செல்சியஸ் வேண்டும் என்பதால்தான் உலைச்சூட்டில் தகடு நிலைத்தது. ஆனால் பீங்கான் அழுத்தத்தைத் தாங்குமேயன்றி இழுவிசையைத் தாங்காது. விரிசலுக்கு மருந்தாக அமையவேண்டிய உறையே விரிசல் கண்டதால், அது பெரும்பாலும் முன்பற்களோடு நின்றது. கடைவாயில் பொன்னே நீடித்தது. 1907இல் சிகாகோவின் டகார்ட், மெழுகுருவை அச்சுமண்ணில் பதித்து, மெழுகை உருக்கி நீக்கி, அவ்வெற்றிடத்தில் பொன்னை வார்க்கும் முறையைப் பரப்பினார். சுவாமிமலைச் சிற்பிகளின் கைமுறையை அறிந்தவர்க்கு இதன் அடிப்படை புதிதன்று.

பொன்னின் வலிமையையும் பீங்கானின் நிறத்தையும் ஒன்றுசேர்க்க முயன்றவர்களுக்கு வெப்ப விரிவே தடையாயிற்று: சுட்டு ஆறும்போது உலோகம் மிகுதியாகவும் பீங்கான் குறைவாகவும் சுருங்கியதால் மேற்பூச்சு பிளந்தது. மிகுதியாக விரியும் லூசைட் என்னும் கனிமத்தைப் பீங்கானில் பெருக்கி, அதன் சுருக்கத்தை உலோகத்தைவிடச் சற்றே குறைவாக நிறுத்தினால், ஆறும் உலோகம் பீங்கானை நெருக்கிப் பிடிக்கும். வைன்ஸ்டீன் குழுவினர் 1962இல் பெற்ற காப்புரிமைகள் இவ்வழியை வணிகமாக்கின.

இன்று கடைவாய்க்குப் பெரிதும் பயன்படும் சிர்க்கோனியா என்னும் பீங்கான் வகை, விரிசலைத் தானே எதிர்க்கிறது. 1975இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் விளக்கியபடி, விரிசலின் நுனி நெருங்கும்போது அங்குள்ள படிகமணிகள் வடிவம் மாறி ஏறத்தாழ 4 விழுக்காடு பருத்து, பிளவை இருபுறமிருந்தும் நெருக்கி மேலே செல்லவிடாமல் தடுக்கின்றன.