மைசூரும் சென்னைத் திவான்களும்

தேவராஜ சந்தைக்கு அருகே நிற்கும் ரங்காசார்லு நினைவு மண்டபத்தைத் தமிழராகிய நாம் பெருமையுடன் நோக்குகிறோம். 1881இல் பிரதிநிதி சபையைத் தோற்றுவித்த திவான் அவர். அடுத்து வந்த சேஷாத்திரி ஐயர் 1901 வரை திவானாக விளங்கினார். ஆங்கிலக் கல்வியில் முந்திக்கொண்ட சென்னை மாகாணத்தார் உயர்பதவிகளை நிரப்பவே, ‘மைசூர் மைசூரார்க்கே’ என்னும் குரல் எழுந்தது. அதனை மொழிப்பகை எனக் கொள்வது பொருந்தாது; பூசல் பதவி பற்றியது. கோலார்த் தங்கச் சுரங்கத்துள் இறங்கியோரும் தமிழரே. அவ்வதிகாரத்தில் அவர்களுக்குத் துளியும் பங்கில்லை. குரலெழுப்பியோருள்ளும் உள்ளூர் அந்தணரே முன்னின்றனர். அவர்கள் இடம்பெற்றபின், ஏனைச் சமூகத்தார் அதே வினாவை அவர்கள்பால் தொடுத்தனர். 1918இல் மில்லர் குழு அமைந்தது. அக்கொள்கைக்கு உடன்படாத திவான் விசுவேசுவரய்யா, மைசூர் மண்ணிலேயே பிறந்தவர், அவ்வாண்டே பதவி துறந்தார். உயர்பதவிகளில் பாதியும் கீழ்ப்பதவிகளில் மூன்றில் இரு பங்கும் ஏழாண்டுகளுக்குள் பிராமணரல்லாதார்க்கு உரியவாதல் வேண்டும் என்று குழு 1919இல் பரிந்துரைத்தது.