தானுந்து ஒலியமைப்பின் மின்வழங்கல்

தானுந்து ஒலியமைப்பின் மின்வழங்கல் என்பது ஊர்தியின் மின்னாக்கி, மின்கலம் ஆகியவற்றிலிருந்து ஒலிமிகைப்பிக்கு மின்னாற்றல் அளிக்கும் ஏற்பாடு ஆகும். இயந்திரம் ஓடும்போது மின்னாக்கியே ஏறத்தாழ 14 வோல்ட்டில் மின்சாரம் தருகிறது. தேவை அதன் திறனை மிஞ்சினால் மின்கலம் மின்னேற்றத்தை இழக்கத் தொடங்கும். தாழொலி அதிரும்போது முகப்பு விளக்குகள் மங்குவது இதன் வழக்கமான அறிகுறி.

500 வாட்டு வெளியிடும் ஏபி வகை மிகைப்பியின் பயனுறுதிறன் 50% எனில், முழு ஒலியில் அது சுமார் 71 ஆம்பியர் இழுக்கும். 80% பயனுறுதிறனுள்ள டி வகைக்கு 45 ஆம்பியர் போதும். இசையின் சராசரித் தேவை இதனினும் குறைவே.

விளக்கு மங்கினால் பலர் முதலில் மின்தேக்கியையே நாடுகின்றனர். 1 பாரடு மின்தேக்கி 14 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு இறங்கும்போது 26 யூல் மட்டுமே தரும். மேற்கூறிய ஏபி மிகைப்பிக்கு அது 0.026 நொடிக்கே போதுமானது. அதனையும் மின்னாக்கியே மீண்டும் நிரப்பவேண்டும்.