லிப்போசோம்: பெயரில் இல்லாத தண்ணீர்

‘லிப்போஸ்’ என்றால் கிரேக்கத்தில் கொழுப்பு. ‘சோமா’ என்றால் உடல். இரண்டும் சேர்ந்தது லிப்போசோம். 1888இல் வால்டையர் ‘குரோமோசோம்’ என்றதும் 1955இல் டி டுவே ‘லைசோசோம்’ என்றதும் இதே சோமாவை வைத்துத்தான்.

பொருளைக் கண்டவர் வைத்த பெயரல்ல இது. 1961இல், கேம்பிரிட்ஜை அடுத்த பாப்ரஹாமில், அலெக் பாங்ஹமும் ஹார்னும் பாஸ்போலிப்பிடைத் தண்ணீரில் கலக்கி மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தார்கள். வெங்காயம் போல அடுக்கடுக்கான நுண்கூடுகள்! 1964இல் ஆய்வு அச்சேறியது. பாங்ஹம் வழங்கிய பெயர் ‘பல்லடுக்கு ஸ்மெக்டிக் இடைநிலை’. ‘ஸ்மெக்டிக்’ என்பது சோப்பின் தன்மையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. வாயில் நுழையாத பெயர்தான். ஆனால் அடுக்கைச் சொன்னது. லைசோசோம் ஆய்வில் ஊறிய ஜெரால்டு வைஸ்மன், கண்டவர் பேரிலேயே ‘பாங்கோசோம்’ என்று விளையாட்டாகச் சொல்லிப் பார்த்தார். பிறகு 1968இல் செஸாவுடன் எழுதிய கட்டுரையில் ‘லிப்போசோம்’ என்றார். அதுவே நிலைத்தது.

கொழுப்புடல் என்றால் உள்ளும் புறமும் கொழுப்பு என்றுதானே தோன்றும்? உண்மையில் கொழுப்பு சுவரில் மட்டும்தான். உள்ளேயும், பல சுவர்கள் இருந்தால் அவற்றுக்கு இடையிலும், தண்ணீர். இதைத் தொட்டே காட்டியது அணுவிசை நுண்ணோக்கி. 1986இல் பின்னிக், குவேட், கெர்பர் மூவரும் உருவாக்கிய இக்கருவியில் ஒளி வில்லை இல்லை. மெல்லிய நெம்புகோலின் நுனியிலுள்ள கூரிய ஊசி பரப்பைத் தடவி வரும். மைக்காத் தகட்டில், தண்ணீருக்குள், லிப்போசோம் ஒட்டியதும் உருண்டை அமுங்கித் தட்டையாகிறது. பிடிப்பு மிஞ்சினால் வெடித்து, ஏறத்தாழ 5 நானோமீட்டர் தடிப்புள்ள ஈரடுக்குப் படலமாகப் பரவிவிடுகிறது. ஒற்றைச் சுவருடன் முழுதாக நிற்கும் லிப்போசோமை ஊசி மெதுவாக அழுத்தும்போது முதலில் வளைந்து கொடுக்கிறது. மேலும் அழுத்தினால் ஊசியின் விசையைக் காட்டும் கோட்டில் இரண்டு முறிவுகள் தெரியும். மேல்சுவர் துளைபடுவது ஒன்று, கீழ்ச்சுவர் துளைபடுவது மற்றொன்று. இடையில் இருந்தது தண்ணீர். முட்டை லெசிதின் என்ற பாஸ்போலிப்பிடால் ஆன லிப்போசோமில் கொலஸ்ட்ராலைச் சேர்த்தால் அந்தச் சுவர் விறைப்பதையும் ஊசி அளந்து சொல்கிறது.

என் கணிப்பில், பாங்ஹமின் பெயரே பொருளுக்கு நெருக்கமானது. வைஸ்மனின் பெயர் நாவுக்கு நெருக்கமானது. இனி மாற்ற முடியாது, மாற்றவும் வேண்டாம். ஆனால் எம்ஆர்என்ஏ கொரோனா தடுப்பூசிகளில் உள்ள லிப்பிட் நானோதுகளையும் சிலர் லிப்போசோம் என்றே எழுதிவிடுகிறார்கள். லிப்போசோமில் உள்ளது போன்ற தண்ணீர் அறை அதற்குள் பொதுவாகக் கிடையாது. லிப்பிடும் ஆர்என்ஏவும் பிணைந்த கருவே இருக்கிறது. அறிவியல் எழுதும் நண்பர்கள் இவ்விரண்டையும் ஒரே பெயரில் சேர்க்காமல் இருக்க வேண்டுகிறேன்.